ரைஃபிள் தோட்டாவை வீட்டில் ஏற்றப் பழகுபவர்களுக்கு: மருந்தும் பிரைமரும் தேர்ந்தெடுக்கும் வழி

"308-க்கு எத்தனை கிரெயின் மருந்து போடலாம்?" அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவைத் தானே ஏற்றப் பழகுபவர் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான் (308 ஒரு தோட்டா வகை, கிரெயின் ஓர் எடை அலகு, மருந்து என்பது வெடிமருந்து). இதற்குச் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். எந்த மருந்து, எந்தக் குண்டு, யாருடைய உறை, என்ன பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகம்), தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்பவரை நம்பலாம். தோட்டா ஏற்றும் கையேட்டில் அச்சாகியிருக்கும் அளவு இந்த ஐந்தும் சேர்ந்த கூட்டுக்கான அளவு. ஐந்தில் ஒன்றை மாற்றினாலும் அந்த எண் உங்களுடையது இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையிலும் எத்தனை கிரெயின் என்ற எண் இருக்காது. அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, எடுத்தபின் எப்படி அணுகுவது, பிரைமரை எப்படி முடிவு செய்வது என்பதை மட்டும் பார்ப்போம். உதாரணத்துக்கு 1952-இல் சந்தைக்கு வந்த .308 வின்செஸ்டரையும், ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்து இயக்கும் ஒரு சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளையும், 168 கிரெயின் எடையுள்ள போட்டிக் குண்டையும் வைத்துக்கொள்வோம். புதியவர்களுக்கு இதைவிடச் சாதுவான கூட்டு கிடைப்பது கடினம். தகவலும் ஏராளமாக இருக்கிறது.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா ஏற்ற மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் தேவை. மாநிலத்துக்கும் ஊருக்கும் தனி விதிகள் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் அதிகம் பேசப்படுவது. அந்தச் சட்டத்தின் பார்வையில் "தோட்டா" என்றால் முழுத் தோட்டா மட்டும் அல்ல. காலி உறை, பிரைமர், குண்டு, மருந்து எல்லாமே அதற்குள் அடக்கம். "நான் துப்பாக்கி வாங்கவில்லை, மருந்து மட்டும்தான் வாங்கினேன்" என்ற வாதம் எடுபடாது. விசாவில் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் வருவது நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

இந்தியாவில் கதையே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊருக்குப் போகும்போது பயணப் பையின் மூலையில் ஒரு காலி உறைகூடத் தங்கியிருக்கக் கூடாது. மருந்தையும் பிரைமரையும் விமானத்தில் கைப்பையிலும் சரி, ஏற்றிவிடும் பெட்டியிலும் சரி, எடுத்துப்போகவே முடியாது.

கையேடு இல்லாமல் மேசையில் உட்காராதீர்கள்

கருவிகளுக்கு முன்னால் வாங்க வேண்டியது கையேடு. ஹார்னடி, சியரா, ஸ்பியர், நாஸ்லர் போன்ற குண்டு நிறுவனங்கள் தத்தம் குண்டுகளுக்கு வெளியிடுகின்றன. லைமன் கையேடு பல நிறுவனங்களின் குண்டுகளையும் சேர்த்துத் தரும். ஹாட்ஜ்டன் போன்ற மருந்து நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. குறைந்தது இரண்டாவது கையில் இருக்கட்டும். ஒன்று குண்டுக்காரருடையது, இன்னொன்று மருந்துக்காரருடையது.

இரண்டையும் ஒப்பிட்டால் முதல் நாளே குழம்புவீர்கள். ஒரே எடைக் குண்டு, ஒரே மருந்து, ஆனால் உச்ச அளவு ஒரு கையேட்டில் ஒன்றாகவும் மற்றதில் ஒன்றரை கிரெயின் குறைவாகவும் இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சோதித்த பேரல் வேறு, உறை வேறு, மருந்தின் தயாரிப்புத் தொகுதி வேறு, பிரைமர் வேறு. உங்கள் ரைஃபிளில் சோதித்துப் பார்க்காதவரை குறைவான எண்ணே உங்கள் எண்.

அட்டவணைக்கு மேலே சின்ன எழுத்தில் உறை, பிரைமர், பேரல் நீளம், தோட்டாவின் மொத்த நீளம் எல்லாம் குறித்திருப்பார்கள். பலரும் அதைத் தாண்டி நேராக எண்களுக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சின்ன எழுத்துதான் செய்முறை.

எடை ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரு குண்டின் அளவை இன்னொன்றுக்குப் போடவும் முடியாது. முழுக்கச் செம்பால் ஆன குண்டு, அதே எடையுள்ள ஈயக்கருக் குண்டைவிட நீளமானது. உறைக்குள் அதிக இடத்தைப் பிடிக்கும், பேரலோடு உரசுவதும் வேறு விதம். அதற்கென்று வெளியான அளவைத்தான் பார்க்க வேண்டும். இராணுவத்தில் சுட்ட 7.62 (.308-இன் இராணுவ வடிவம்) உறைகளைப் பொறுக்கிப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அந்தப் பித்தளை பெரும்பாலும் தடிமனானது, உள்ளே இடம் குறைவு. அதே மருந்து அதில் கூடுதல் அழுத்தம் கொடுக்கும்.

மருந்து

இப்போதைய ரைஃபிள் தோட்டாக்களுக்குப் போடுவது புகையில்லா மருந்து. பிரான்ஸில் பால் வியேய் 1884-இல் உருவாக்கியதில் தொடங்கிய வகை. அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். ரைஃபிளுக்கு இரண்டு வடிவங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பென்சில் முனையை நறுக்கியது போன்ற குச்சி மருந்து ஒன்று, பொடிக் கடுகு அளவில் உருண்டை மருந்து மற்றொன்று. உருண்டை மருந்து அளவைக் கருவியில் தண்ணீர் மாதிரி ஓடி ஒரே அளவாக விழும். குச்சி மருந்து சிக்கிக்கொண்டு நறுக் நறுக்கென்று வெட்டுப்படும். ஒவ்வொரு அளவையும் தராசில் போட்டுத்தான் சரி செய்ய வேண்டியிருக்கும். ஆனாலும் புதியவர்களுக்கு நான் குச்சி மருந்தையே சொல்வேன். காரணம் வெப்பநிலை. ஹாட்ஜ்டனின் வார்கெட், எச்4350, எச்4895 மாதிரி மருந்துகள் குளிரிலும் வெயிலிலும் அதிகம் மாறாமல் நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. சனவரியில் சோதித்துவைத்த தோட்டாவை டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் சுடும்போதுதான் இதன் அருமை தெரியும். (இம்மூன்றும் ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகிப் பெயர் மாறி வருபவை. வார்கெட் அங்கே ஏஆர்2208 என்று விற்கிறது. மெல்பர்ன் வாசகர்கள் அந்தப் பெயரில் தேடலாம்.)

அடுத்தது எரியும் வேகம். காய்ந்த தென்னோலை குப்பென்று பற்றி அடங்கிவிடும், புளியங்கட்டை நின்று எரியும். மருந்திலும் அப்படி வேகமானது, மெதுவானது என்று வரிசை இருக்கிறது. கைத்துப்பாக்கி மருந்துகள் வேகக் கோடியில். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய உறைகளுக்கான மருந்துகள் மெதுவான கோடியில். உறை பெரிதாகவும் குண்டு கனமாகவும் இருந்தால் மெதுவான மருந்து. குண்டு நகர நகரப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். .308-க்கு நடுவில் இருப்பவை பொருந்தும். வார்கெட், ஐஎம்ஆர் 4064, 4895 வகைகள் இங்கே பழைய தோழர்கள். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோருக்குக் கொஞ்சம் மெதுவான எச்4350 கிட்டத்தட்டக் குலதெய்வம்.

வேக வரிசைப் பட்டியல் எந்த மருந்தைப் பரிசீலிக்கலாம் என்று பார்க்க மட்டுமே உதவும். பட்டியலில் இரண்டும் பக்கத்தில் இருக்கின்றனவே என்று ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. அதிலும் பெயர்க் குழப்பம் வேறு. எச்4350-உம் ஐஎம்ஆர் 4350-உம் ஒன்றல்ல. அக்யூரட் 4350 மூன்றாவது. ஐஎம்ஆர் 4831, எச்4831-ஐவிட வேகமானது. அதனால் எச்4831-இன் உச்ச அளவை அதில் போடுவது விபத்துக்கு அழைப்பு. எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு டப்பாவைத் திறக்கும் பழக்கம் கேலிக்குரியதாகத் தெரியலாம். பரவாயில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து பொருந்தினால் எதை எடுப்பது? என் வரிசை இது. கையேட்டில் உறை நன்றாக நிரம்பும்படி அளவு வரும் மருந்துக்கு முதலிடம். பாதிக்கு மேல் நிரம்பும் மருந்தை யாராவது தவறி இரண்டு முறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். மருந்து உறைக்குள் அங்கும் இங்கும் புரளாமல் ஒரே மாதிரி பற்றும் வாய்ப்பும் கூடும். இரண்டாவது, மறுபடியும் கிடைக்குமா என்பது. அருமையான மருந்து என்று ஒரு பவுண்டு வாங்கி, எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகு கடையில் ஆறு மாதம் இல்லையென்றால் மொத்த உழைப்பும் வீண். கடைசியில்தான் வேகம். கையேட்டில் அதிக வேகம் காட்டும் மருந்தின் பின்னால் ஓடுவது புதியவர்களின் வியாதி. விநாடிக்கு ஐம்பது அடி கூடுதலாகப் போவதைக் காகித இலக்கு கவனிப்பதில்லை.

மருந்து எரிந்து வரும் வாயுவால் தானே இயங்கும் ரைஃபிள் என்றால் வேகத் தேர்வு இன்னும் கறாரானது. இரண்டாம் உலகப்போரின் எம்1 காரண்டில் .30-06 சுடுபவர்கள் ரொம்ப மெதுவான மருந்தைப் போட்டால், குண்டு வாயுத் துளையைத் தாண்டும் நேரத்தில் அங்கே அழுத்தம் அதிகமாக இருந்து இயக்கத் தண்டு வளைந்துபோகும். உறைக்குள் உச்ச அழுத்தம் வரம்புக்குள் இருந்தாலும் இது நடக்கும். அதற்கென்று தனி அட்டவணை உள்ள கையேட்டைப் பாருங்கள். 4895 வகை அதில் தவறாமல் இருக்கும்.

பிரைமர்

பிரைமர் என்பது உறையின் அடியில் உட்காரும் சிறு கிண்ணம். உள்ளே தட்டினால் வெடிக்கும் கலவை, பெரும்பாலும் ஈயச் சேர்மம். அமெரிக்க உறைகளில் இருப்பது பாக்ஸர் வகை. நடுவில் ஒரே துளை, பழையதைத் தள்ளி எடுப்பது சுலபம். பெர்டான் வகையில் உறையிலேயே பட்டடை (கலவை மோதி வெடிக்கும் மேடு) இருக்கும், இரு துளைகள் இருக்கும், வழக்கமான கருவியால் எடுக்க முடியாது. பாக்ஸர் பிரிட்டிஷ்காரர், பெர்டான் அமெரிக்கர். ஆளுக்கொருவர் கண்டுபிடித்ததை அடுத்தவர் நாடு எடுத்துக்கொண்டது. உறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து இரண்டு துளை தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அளவில் இரண்டு. பெரிய ரைஃபிள் பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், சிறியது 0.175. வழக்கமான .308 உறைக்குப் பெரியது, .223-க்குச் சிறியது. 6.5 கிரீட்மோரில் கவனம் வேண்டும். ஹார்னடி உறை பெரிய பிரைமர் எடுக்கும், லாப்புவா உறை சிறியது எடுக்கும். உறை வாங்கும்முன் பெட்டியில் பாருங்கள்.

கைத்துப்பாக்கி பிரைமர்களும் இதே விட்டத்தில்தான் வருகின்றன. சிறிய வகை ரைஃபிள் உறையில் அழகாகவே உட்காரும், ஆபத்தும் அங்கேதான். அதன் கிண்ணம் மெல்லியது. ரைஃபிள் அழுத்தத்தில் ஊசி குத்திய இடம் கிழிந்து சூடான வாயு போல்ட் வழியாகப் பின்னால் வரும். ரைஃபிள் பிரைமர்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. ரெமிங்டன் 6½ சின்னத் தோட்டாக்களுக்கானது, .223-இல் போடக் கூடாது என்று நிறுவனமே சொல்கிறது. அதற்கு 7½.

சாதாரண பிரைமரா, மேக்னம் பிரைமரா என்பது அடுத்த கேள்வி. மேக்னம் வகை அதிகச் சூட்டோடும் நீண்ட தீயோடும் பற்றவைக்கும். பெரிய உறையில் மெதுவான மருந்தை நிறையப் போடும்போதும், பற்றச் சிரமப்படும் சில உருண்டை மருந்துகளுக்கும், உறைபனிக் குளிரிலும் அதற்கு வேலை இருக்கிறது. .308-இல் வார்கெட் போடுபவருக்குத் தேவையில்லை. சிசிஐ 200, ஃபெடரல் 210, வின்செஸ்டர் டபிள்யூஎல்ஆர், ரெமிங்டன் 9½ ஆகியவற்றில் எது கையேட்டில் இருக்கிறதோ அதுவே போதும். மேக்னம் வரிசையில் சிசிஐ 250, ஃபெடரல் 215. சிறிய ரைஃபிளில் சிசிஐ 400 சாதாரணம், 450 மேக்னம். 450-இன் கிண்ணம் தடிமனாக இருப்பதால் தீயின் பலத்துக்காக அல்லாமல் அந்தத் தடிமனுக்காகவே அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு.

எம்1 காரண்ட், ஏஆர்-15, எஸ்கேஎஸ் மாதிரி, போல்ட் மூடும்போது சுடும் ஊசி தளர்வாக முன்னே வந்து பிரைமரை இலேசாகத் தொடும் துப்பாக்கிகளுக்கு மெல்லிய கிண்ணம் ஆகாது. அழுத்தாமலே வெடித்துவிடக்கூடும். சிசிஐ 34 பெரியதிலும் 41 சிறியதிலும் இதற்காகவே இராணுவத் தரத்தில் வருபவை. போட்டிச் சுடுதலுக்கென்று ஃபெடரல் 210எம், சிசிஐ பிஆர்-2 என்று விலை கூடிய வகைகளும் இருக்கின்றன. முதல் ஆயிரம் தோட்டாவுக்கு அந்தக் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். அப்போது இலக்கில் தெரியும் சிதறலுக்குக் காரணம் பிரைமராக இருக்காது.

2020-க்குப் பிறகு வந்த பிரைமர் பஞ்சத்தில் கிடைத்ததை வாங்கிக் கிடைத்ததைப் போடும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. பஞ்சம் தணிந்தும் பழக்கம் போகவில்லை. ஒரு சாதாரண பிரைமருக்குப் பதில் இன்னொரு சாதாரண பிரைமர் போட்டாலே அழுத்தம் நகரும். மேக்னத்துக்கு மாறினால் இன்னும் நகரும். உச்சத்துக்கு அருகில் ஏற்றுபவருக்கு அந்த நகர்வே வரம்பைத் தாண்டப் போதும். மாற்றலாம், தவறில்லை. ஆனால் மாற்றியவுடன் மருந்தைத் தொடக்க அளவுக்கு இறக்கி மீண்டும் மேலே வர வேண்டும்.

பொருத்தும்போது பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே, 0.002 முதல் 0.005 அங்குலம்வரை அமிழ்ந்திருக்க வேண்டும். விரல் நுனியால் ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் அந்தத் தோட்டா துப்பாக்கிக்குள் போகக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிரைமரைத் தொடாதீர்கள். மொத்தமாக ஒரு பாட்டிலில் கொட்டி வைக்கவும் வேண்டாம், ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். கம்பெனித் தட்டிலேயே இருக்கட்டும்.

அளவை மெல்ல ஏற்றுவது

சரி, குண்டு, மருந்து, உறை, பிரைமர், நீளம் ஐந்தும் முடிவாயின. கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என இரண்டு எண்கள் இருக்கும். தொடக்கத்தில்தான் தொடங்க வேண்டும். உச்சம் மட்டும் கொடுத்திருந்தால் அதிலிருந்து பத்து சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இஷ்டத்துக்கு இறங்குவதும் பாதுகாப்பு இல்லை. பெரிய உறையில் மெதுவான மருந்தை மிகக் குறைவாகப் போட்டால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறிய சம்பவங்கள் உண்டு. குறைந்த உதைப்பு வேண்டுமானால் எச்4895-ஐத் தேடுங்கள். அதன் உச்ச அளவின் 60 சதவீதம் என்ற மட்டம்வரை இறங்கலாம் என்று ஹாட்ஜ்டன் வழி கொடுத்திருக்கிறது. இந்தச் சலுகையை மற்ற மருந்துகளுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தராசைச் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள், வேலையின் நடுவிலும் ஒருமுறை. மின்னணுத் தராசு கிராமில் நிற்கிறதா கிரெயினில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கிராம் 15.4 கிரெயின், ஒரு பவுண்டு 7000 கிரெயின். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. மற்றதெல்லாம் அலமாரியில். வேலை முடிந்ததும் அளவைக் கருவியில் மிச்சமிருப்பது அதே டப்பாவுக்குத் திரும்பட்டும். மறுநாள் வந்து "இது என்ன மருந்து?" என்று யோசித்தால் அந்த மருந்தைக் கழித்துவிடுவதுதான் ஒரே வழி.

.308 அளவுள்ள உறையில் 0.3 முதல் 0.5 கிரெயின் படிகளில், படிக்கு மூன்றோ ஐந்தோ தோட்டா ஏற்றினால் போதும். .223-இல் படி இன்னும் சிறியது. குண்டு பொருத்தும் முன் எல்லா உறைகளையும் தட்டில் நிறுத்தி, விளக்கடித்து, மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தே விழாத உறை ஒன்று இருந்தால் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைப் பேரலுக்குள் சிக்கவைக்கும். அடுத்த தோட்டாதான் துப்பாக்கியைப் பிளக்கும். சத்தம் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்திப் பேரலுக்குள் பாருங்கள்.

சுடும் இடத்தில் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் உறையைப் பாருங்கள். போல்ட் கைப்பிடி கனமாகத் தூக்க வருகிறதா? உறையின் அடியில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் பாகம்) பளபளவென்று தேய்த்த வட்டம் இருக்கிறதா? பிரைமர் குத்திய இடத்தைச் சுற்றி விளிம்பு எழும்பியிருக்கிறதா, துளையே விழுந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு அதற்கு மேலே போகக் கூடாது, மீதித் தோட்டாக்களை வீட்டில் பிரித்துவிடலாம். தட்டையான பிரைமர் மட்டும் நம்பகமான சாட்சி இல்லை. சில பிரைமர்கள் மிதமான அழுத்தத்திலேயே தட்டையாகும், சில கடைசிவரை காட்டாது.

இந்த அடையாளங்கள் எல்லாமே தாமதமாக வருபவை. .308-க்கும் 6.5 கிரீட்மோருக்கும் அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பித்தளை அதைத் தாண்டிய பிறகுதான் பேச ஆரம்பிக்கும். ஆகவே வேகமானி ஒன்றில் பணம் போடுவது வீண் செலவு இல்லை. கார்மின் ஸீரோ மாதிரி உள்ளங்கை அளவு ராடார்கள் வந்தபின் வேலையும் எளிதாகிவிட்டது. அதே நீளப் பேரலில் கையேடு சொல்லும் உச்ச வேகத்தை நீங்கள் இரண்டு படி கீழேயே தொட்டுவிட்டால், "என் ரைஃபிள் வேகமானது" என்று மகிழ வேண்டாம். உச்ச அழுத்தத்தையும் அங்கேயே தொட்டுவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படியில் நிற்பது? நல்ல குழுமலும் (குண்டுகள் நெருங்கி விழுவது) சீரான வேகமும் அடுத்தடுத்த இரண்டு மூன்று படிகளில் தொடர்ந்தால் அவற்றின் நடுவில். ஒரே ஒரு படியில் மட்டும் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்தால் அது பெரும்பாலும் தற்செயல், அடுத்த வாரம் கலைந்துவிடும்.

பெட்டிக்குள் துண்டுச்சீட்டு

ஏற்றிய ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, குண்டு, மருந்து, அளவு, உறை, பிரைமர், மொத்த நீளம் ஆகியவற்றோடு மருந்து, பிரைமர் இரண்டின் தொகுதி எண்ணும் எழுதிவையுங்கள். அதே பெயரில் புது டப்பா திறந்து தொகுதி எண் மாறியிருந்தால், குறிப்பாக உச்சத்துக்கு அருகில் ஏற்றுபவர்கள், சில படிகள் இறங்கிச் சரிபார்த்த பிறகே பழைய அளவுக்கு வர வேண்டும்.

மருந்தும் பிரைமரும் வந்த பெட்டியிலேயே, ஈரமும் சூடும் இல்லாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி இருக்கட்டும். பல ஊர்களின் தீ விதிகளுக்கு அடிப்படையான, அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 தரவிதி வீட்டில் 20 பவுண்டு மருந்துவரை மூலக் கொள்கலனில் அனுமதிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டுவரை குறைந்தது ஒரு அங்குலத் தடிமன் மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. காற்றுப் புகாத இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைப்பது பாதுகாப்பு மாதிரித் தோன்றும். தீப்பிடித்தால் அதுதான் வெடிகுண்டாகும். டப்பாவைத் திறக்கும்போது புளித்த அமில வாடையோ செம்பழுப்புத் தூசியோ தெரிந்தால் மருந்து கெட்டுவிட்டது.

இணையத்தில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் என்று ஒரு தொகை ஒவ்வொரு அனுப்புகைக்கும் சேரும். ஒரு பவுண்டு மருந்துக்கும் அதே கட்டணம்தான். அதனால் முதல் பவுண்டை உள்ளூர்க் கடையிலேயே வாங்கிச் சோதித்துவிட்டு, பிடித்துப்போனால் எட்டு பவுண்டு ஜாடியையும் ஐயாயிரம் பிரைமர் பெட்டியையும் ஒரே தொகுதி எண்ணில் சேர்த்து வரவழைப்பதே லாபம்.